இரத்தினவேல் என்னும் இடப்பக்கக் கண்ணாடி

ஸ்காபரோ,
21.10.1996

பெருமதிப்பிற்குரிய அத்தான் சச்சிதானந்தன் அவர்களுக்கு,

தியாகலிங்கம் எழுதிக்கொள்வது. குளிர் தொடங்கிவிட்டதையும் என் இடது முழங்காலையும் தவிர்த்துப் பார்த்தால், நானும் மனைவி பேபியும் நலம். லண்டனில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய வாழ்த்துக் கடிதமும் அதனுள் வைத்திருந்த படமும் சென்ற புதன்கிழமை கிடைத்தன. உங்கள் மைத்துனன் கனடாவில் லொறிச் சாரதியாகிவிட்டான் என்று அக்கா வெம்பிளி முழுவதும் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் செய்தி புதன்கிழமை வரை சற்று முந்திக்கொண்ட செய்தி. வியாழக்கிழமையிலிருந்து அது பிழையான செய்தி. நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது எந்த இடங்களை விடுவது என்பது உங்கள் பொறுப்பு.

முதலில் படம். இங்கிலாந்தில் பழைய லொறிகளைத் திடலில் நிறுத்திக் கண்காட்சி வைக்கிறார்கள் என்றும், அதில் நின்ற இந்தப் பச்சை பெட்போர்ட் நான் ஓட்டிய வண்டியைப் போலிருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். முகம் அதுதான். மற்றதெல்லாம் வேறு. இந்த லொறியின் பம்பரில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் மனிதர் ஒருநாளும் அதற்குக் கீழே படுத்திருக்கமாட்டார். எங்களுடையது 1953ஆம் ஆண்டு வண்டி. நான் 1956இல் பொறுப்பேற்று இருபத்தேழு வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றினேன். என்ஜின் சாரதிக்கும் கிளீனருக்கும் நடுவில், தகர மூடிக்குக் கீழே இருக்கும். அதன் மேல் வைத்தால் மெதவாச்சியில் வாங்கிய தேநீர் தம்புள்ளை வரை ஆறாது. எங்கள் கால்களும் அப்படித்தான். கியர் மாற்றக் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் என்ஜினின் சத்தத்தைக் காதால் அளக்கவேண்டும். ஹான்ட் பிரேக்கைப் பற்றி நான் இங்கிலாந்துக்காரரைக் குறைசொல்லமாட்டேன். எங்கள் முதலாளி இரண்டு தேர்தலுக்கு ஒருமுறைதான் பிரேக் லைனிங் மாற்றுவார். ஆகவே ஏற்றத்தில் நிறுத்தினால் கிளீனர் குதித்துப் பின்சில்லுக்குக் கட்டை வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வெங்காயம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடும். இடப்பக்கக் கண்ணாடியோ 1958இல் வவுனியாவில் ஒரு மாட்டு வண்டியோடு போய்விட்டது. வேறு வாங்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. கிளீனர் இரத்தினவேல்தான் எங்கள் இடப்பக்கக் கண்ணாடி. என்னைவிட நான்கு வயது இளையவர். பின்னுக்கு எடுக்கும்போது இறங்கி நின்று, லொறியின் பலகையில் உள்ளங்கையால் அடித்து, "வரட்டும், வரட்டும்" என்பார். இரண்டு அடி சேர்ந்து விழுந்தால் நிறுத்தவேண்டும். நான் ஒருநாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் லொறியை எரித்த அன்றும் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அன்று மட்டும் ஓட்டமாக.

அதே இரத்தினவேல் 1986இல் கனடா வந்து, இப்போது எட்டு வருடமாக மிசிசாகாவில் ஒரு கம்பனியின் பெரிய லொறியை ஓட்டுகிறார். நான் நான்கு வருடமாகப் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நிற்கிறேன். இருபத்தேழு வருடம் இருந்தபடி வேலை செய்தவனுக்கு நிற்கத் தெரியாது என்பதை முழங்கால் எனக்குத் தினமும் அறிவிக்கிறது. இரத்தினவேல் தன் மனேஜரிடம் என்னைக் கூட்டிப்போய், இவர்தான் எனக்கு றோட்டுக் காட்டியவர் என்று சொல்ல, அந்த மனிதர் ஒரு லொறியை எனக்காக ஒதுக்கிவைப்பதாகச் சொன்னார். ஒக்டோபர் முடிவதற்குள் நான் லைசன்ஸ் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அந்த லொறி வேறொருவருக்கு. எனக்கு இரத்தினவேலின் லொறியில் உதவியாள் இடம் உண்டு. அதாவது, என் கிளீனருக்கு நான் கிளீனர். நிபந்தனையின் இரண்டாம் பாதி எனக்குத் தேவைப்படாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு வந்தேன். அந்த வெள்ளிக்கிழமையே பேபி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பன்னிரண்டு பேருக்கு முதல் பாதியை மட்டும் சொன்னா. பதின்மூன்றாவதாகச் சொன்னது தொலைபேசியில் அக்காவுக்கு.

முதல் சோதனை செப்டெம்பர் 26ஆம் திகதி. பக்கத்தில் ஏறி இருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் ஒரு அட்டையும் பேனையும். இங்குள்ள பெரிய லொறிகளுக்கும் கிளச்சை இரண்டு தரம்தான் மிதிக்கவேண்டும். அதை நான் செய்த விதத்தைப் பார்த்து, எங்கே பழகினீர் என்று கேட்டா. ஒரு பிரிட்டிஷ் லொறியில் என்றேன். தலையை ஆட்டி ஏதோ எழுதினா. அதன்பிறகு ஒரு ஏற்றம் வந்தது. மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதையோடு ஒப்பிட்டால் அது ஒரு வாசற்படி. அங்கே நிறுத்தச் சொன்னா. நிறுத்தினேன். நிறுத்தியதும் என் அனுமதி இல்லாமலே என் வாய், "இரத்தினவேல், கட்டை!" என்று கத்தியது. அந்தப் பெண்மணியின் பேனை கீழே விழுந்தது. என்ன வேண்டும் என்று கேட்டா. இறங்கிப் பின்சில்லுக்குக் கீழே கட்டை வைக்கவேண்டும் என்று விளக்கினேன். யார் இறங்குவது என்று கேட்டா. அத்தான், நான் பொய் எழுதப் பழகவில்லை. நீங்கள்தான் என்று கையால் காட்டினேன். பத்தொன்பது வருடமாகச் சோதனை எடுப்பதாகவும், தன்னை இதுவரை ஒருவரும் அந்த வேலைக்கு அனுப்பியதில்லை என்றும் மரியாதையாகவே சொன்னா. முடிவும் மரியாதையாகவே சொல்லப்பட்டது.

என் குறை ஓட்டத்தில் இல்லை, பக்கத்தில் இருப்பவர் பேசாமலிருந்தால் பொறுக்க முடியாததில்தான் இருக்கிறது என்று இரத்தினவேல் கண்டுபிடித்தார். ஆகவே வீட்டில் பயிற்சி தொடங்கினோம். நான் சாப்பாட்டுக் கதிரையில் இருந்து சோற்றுக் கோப்பையை ஸ்டியரிங்காகத் திருப்ப, பேபி வலப்பக்கத்துக் கதிரையில் கொப்பியும் பேனையுமாக வாய் திறக்காமல் இருபது நிமிடம் இருக்கவேண்டும். முதல் நாள் மூன்றாவது நிமிடத்தில், கியர் மாற்றும்போது ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று கேட்டா. இரண்டாம் நாள் ஏழாவது நிமிடத்தில் பருப்பு அடிப்பிடித்து, சோதனை அதிகாரி எழுந்து குசினிக்குப் போனா. ஐந்தாம் நாள் இருபது நிமிடமும் பேசாமல் இருந்தா. ஆனால் அன்று எங்களுக்குள் உண்மையிலேயே கோபம். எப்படியோ, ஏற்றத்தில் வாயை மூடிக்கொள்ளவும் கண்ணாடிகளை மட்டும் நம்பவும் பழகிவிட்டேன்.

இரண்டாவது சோதனை சென்ற வியாழக்கிழமை, 17ஆம் திகதி காலை பத்தரைக்கு. அதே பெண்மணி. ஏற்றத்தில் நிறுத்தியபோது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் திறக்கவில்லை. திருப்பங்கள், சந்திகள், பிரேக், எல்லாம் சரி. கடைசியாக நிலையத்தின் முற்றத்தில், இரண்டு வரிசைச் செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே பின்னுக்கு எடுக்கவேண்டும். வலக் கண்ணாடியைப் பார்த்தேன். இடக் கண்ணாடியைப் பார்த்தேன். மெதுவாக எடுத்தேன். பாதியில் எனக்குச் சற்றுத் தயக்கம் வந்து வண்டி நின்றது உண்மை. நின்ற அந்த நொடியில், வேலிக்கு வெளியே, லீவு எடுத்து எனக்காக வந்து நின்ற இரத்தினவேலின் குரல் கேட்டது.

"வரட்டும்… வரட்டும்…"

அவரும் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் வாயும் என் வாயைப் போலத்தான். நான் இரண்டு கண்ணாடியையும் விட்டேன். தலையை நேரே வைத்துக்கொண்டு, நாலாம் குறுக்குத் தெருவில் வருவதுபோல வந்தேன். வேலித் தகரத்தில் இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. நிறுத்தினேன். அந்தப் பெண்மணி இறங்கிப் போய்ப் பார்த்தா. இரண்டு பக்கமும் கூம்புக்கும் சில்லுக்கும் ஒரே அளவு இடைவெளி. இவ்வளவு சுத்தமாக ஒருவர் பின்னுக்கு எடுத்துத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, ஆனால் எடுத்தவர்கள் இருவர், லைசன்ஸ் கேட்டிருப்பவர் ஒருவர் என்று எழுதிக் கையில் தந்தா. அடுத்த சோதனைக்கு நாள் நவம்பர் 14ஆம் திகதிதான் கிடைத்தது. ஒக்டோபருக்கு முப்பத்தொரு நாள்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் இரத்தினவேல், "அண்ணை, நீங்கள் நிண்டிட்டியள். எனக்குப் பொறுக்கேல்லை" என்றார். இருபத்தேழு வருடம் என் லொறியைக் காப்பாற்றிய வாய், ஒரு நிமிடத்தில் அதைப் பறித்துவிட்டது. ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். இனி எனக்கு லொறி வேண்டாம். இரத்தினவேலின் முகத்தில் விழிக்கமாட்டேன். அவர் லொறியில் உதவியாளாக ஏறுவதைவிட, போத்தல் மூடிகளுக்கு முன்னால் நின்றே என் முழங்காலை முடித்துக்கொள்வேன். அக்கா வெம்பிளியில் யார் யாருக்குச் சொன்னா என்று ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரிடமும் மறுத்துச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பேபி அக்காவைச் சுகம் கேட்கிறா. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், நல்ல படிப்பும் தானாக ஓடும் வாகனமும் கிடைக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்
வ. தியாகலிங்கம்

பி.கு.: முத்திரை இல்லாமல் இந்தக் கடிதம் நான்கு நாள் மேசையில் கிடந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, 25ஆம் திகதி. செவ்வாய் காலை ஏழு மணிக்கு இரத்தினவேல் கதவைத் தட்டி, சப்பாத்தும் கழற்றாமல் நின்று, "ஏசுறதெண்டா கீழ வந்து ஏசுங்கோ அண்ணை. லொறியை றோட்டில விட்டிட்டு வந்தனான்" என்றார். ஏசுவதற்காக மட்டும் இறங்கினேன். லொறி எங்கள் கட்டடத்தின் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையில் அகப்பட்டு, பின்னுக்கு எடுக்க ஆளில்லாமல் நின்றது. பிறகு ஏசலாம் என்று பின்னால் போய் நின்று குரல் கொடுத்தேன். எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. ஒரு குப்பைத் தொட்டி நசுங்கியது. "நீங்கள் கண்ணாடியைப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். "நீங்கள் நிக்கேக்க நான் ஏன் பாக்கவேணும்?" என்றார். அதற்குமேல் ஏச வெளியில் குளிர் அதிகமாக இருந்ததால் உள்ளே ஏறினேன். ஏசி முடிந்தபோது நாற்பது கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒஷாவா வந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இதுதான் வேலை.

எனவே அக்கா ஒருவரிடமும் எதையும் மறுக்கவேண்டாம். யாராவது துருவிக் கேட்டால், தியாகலிங்கம் லொறியில் இருபத்தேழு வருடம் இருந்த அதே வலப்பக்க ஆசனத்தில்தான் இப்போதும் இருக்கிறான் என்று சொல்லட்டும். அது முழு உண்மை. இந்த நாட்டில் ஸ்டியரிங்கைத்தான் மறுபக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.