பெருமூச்சு விட்ட பிறகே உதைக்கவும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவர் வண்டி ஷெட்டில் ஸ்டூல் போட்டு அமைதியாக உட்கார்ந்து எழுதுவது. இங்கு உன் அக்கா சுகம், நான் சுகம், மோட்டார் சைக்கிளும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது.

இனி வண்டியை உதைக்கவே கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்னதும், விற்றுவிடுங்கள் அத்தான் என்று நீ சொன்னதும், உன் அக்கா வாய் திறக்காமல் இருந்ததும், ஞாயிறு காலை வண்டியை வாங்க நீயே ஒரு பல் டாக்டரை அனுப்பியதும் மளமளவென்று நடந்துவிட்டன. வந்தவர் தங்கமான மனிதர். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் சீட்டையே தொட்டார். நானும் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஒற்றைச் சிலிண்டர், பிஸ்டன் ரொம்ப தூரம் ஏறி இறங்கும், அதனால் அவசரமே படாது. மெதுவாக ஓடும்போது ஒரு டும்முக்கும் அடுத்த டும்முக்கும் நடுவில் ஒரு முழு யோசனையை யோசித்து முடித்துவிடலாம். முப்பது வருடம் தெருத் தெருவாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போனவனுக்கு முக்கால்வாசி முடிவுகள் அந்த இடைவெளியில்தான் வந்தன, உன் அக்காவைக் கட்டிக்கொள்ளும் முடிவு உட்பட. அறுபதைத் தாண்டினால் கண்ணாடி நடுங்கிப் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும், நாமே மரியாதையாக வேகத்தைக் குறைத்துவிடுவோம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சொல்லிக்கொண்டே நான் கண்ணை மூடிவிட்டேன் போலிருக்கிறது. திறந்தபோது மனிதர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

வினை அப்புறம்தான் வந்தது. இந்த இஞ்சினை எடுத்த எடுப்பில் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். இடது கைப்பிடிக்குக் கீழே உள்ள சின்ன லீவரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று உஸ்ஸென்று வெளியேறி பிஸ்டன் இளகும், பிறகு உதைக்கலாம். மெக்கானிக்குகள் அதற்கு என்ன பேர் சொல்கிறார்களோ, நம் வீட்டில் அது பெருமூச்சு. உன் அக்கா வைத்த பெயர். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

"முதல்ல நல்லா ஒரு பெருமூச்சு விடுங்க டாக்டர், அப்புறம் உதைங்க" என்றேன்.

மனிதர் நிமிர்ந்து நின்றார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி விட்டார். உதைத்தார். வண்டியும் உதைத்தது. வலிக்காது வலிக்காது என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்கிறவர், "வலிக்குது சார்" என்றார் மெதுவாக. உன் அக்கா ஐஸ்கட்டியோடு ஓடி வந்தாள். "அவர் சொன்னபடிதாம்மா செஞ்சேன்" என்று அவளிடம் முறையிட்டார். அத்தோடு தலைமுழுகிவிடுவார் என்று பார்த்தால், நொண்டிக்கொண்டே வாசல்வரை போனவர் திரும்பி, "வண்டி எனக்குத்தான் சார், சனிக்கிழமை எடுத்துக்கறேன்" என்றார். உதை வாங்கியும் ஆசை விடவில்லை பார்.

நானும் சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து மத்தியானங்களில் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் சும்மா ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். சாவி போடுவதில்லை. நேற்று அப்படியே ஆற்றுப் பாலம்வரை போய்விட்டேன், தண்ணீரில் வெயில் மிதந்தது, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. திரும்பி வந்தால் டீ ஆறிக் கிடக்கிறது. உன் அக்கா கதவருகே நின்று பார்த்துவிட்டு ஆறிய டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வண்டி தொலைந்தால் அவளுக்கு நிம்மதி. எனக்கு அழுகை வருகிறது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனாலும் அவள் நிம்மதிதான் பெரிது. சனிக்கிழமை நீ வந்து என் பக்கத்தில் நில், தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும் மடங்கி நிமிரும் முழங்கால்களும் அமைய வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "எனக்கு நிம்மதின்னு யார் சொன்னது? நீங்க விக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களேன்னுதான் நான் வாயை மூடிட்டு இருந்தேன். எலும்பு டாக்டர் உதைக்கக் கூடாதுன்னுதானே சொன்னார், ஓட்டக் கூடாதுன்னா சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டே என் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். பெருமூச்சை அழுத்தினாள், ஒரே உதை, இஞ்சின் ஓடுகிறது. சனிக்கிழமை நீ வர வேண்டாம், பல் டாக்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்கிறாள்.