தயிர்ச் சட்டி வசூல்

அன்று எனக்கிருந்த வேலை, வாடிக்கை வீடுகளில் தங்கிவிட்ட எங்கள் தயிர்ச் சட்டிகளை வாங்கி வருவது. அவ்வளவுதான்.

தயிர் வியாபாரம் மனைவியுடையது, தாய்வழி வந்தது. கிரான் ஊரிலிருந்து எருமைப்பால் வரும். அவள் உறைய வைப்பாள். தயிர் சட்டியோடு வீடுகளுக்குப் போகும். அரசாங்கக் கச்சேரியில் கணக்கெழுதிப் பென்சனோடு இளைப்பாறிய நான், சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பேரேடு போட்டேன். தயிரில் லாபம் இருந்தது. அதைச் சட்டி விழுங்கியிருந்தது!

ஆறு மாதத்தில் வாங்கியது நூற்றிருபது சட்டி. வீட்டில் இருந்தது ஒன்பது. இனிக் கடனுக்குச் சட்டி இல்லை என்று குயவர் சொல்லிவிட்டார். பாலை ஊற்றச் சட்டி இல்லையென்றால் பால்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். பிறகு வியாபாரம் ஏது?

"சட்டி கேட்டு வீடு வீடாப் போறதா? வெக்கக்கேடு" என்றாள் மனைவி.

பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டு வண்டிலில் ஏறினேன்.

முதலில் பொன்னம்மா அக்கா வீடு. ஏழு சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. ஏன் தரவில்லை என்று கேட்டேன்.

"வெறுஞ்சட்டிய எப்பிடித் தம்பி தாற? கத்தரி காய்க்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இரிக்கன்."

காய்க்காவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் முகம் கறுத்தது. விறுவிறுவென்று போய்ப் பிஞ்சுக் கத்தரிக்காயெல்லாம் பிடுங்கி ஏழு சட்டியையும் நிரப்பினார். பேரேட்டில் "சட்டி ஏழு, வரவு" என்று எழுதினேன். கத்தரிக்காய்க்கு அதில் இடமில்லை.

செய்தி எனக்கு முன்னால் ஒழுங்கைகளில் ஓடியது. அடுத்த வீட்டில் முருங்கைக்காய். அதற்கடுத்த வீட்டில் காய்ந்த கூனி இறால். காத்தான்குடியில் நெசவுக்கார இபுறாகிம் காக்கா என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரிங்க தம்பி, பொஞ்சாதி வட்டிலப்பம் அவிக்கிறா. அதுக்கு முதல் சட்டியத் தந்தா என்னைத் தொரத்திருவா."

ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

கடைசி வீட்டுச் சட்டியில் கோழி அடைகிடந்தது. குஞ்சு பொரிக்கட்டும், பிறகு வாருங்கள் என்றார்கள். கச்சேரியில் எந்தத் துரையும் என்னை அந்தக் கோழி பார்த்ததுபோலப் பார்த்ததில்லை. "சட்டி ஒன்று, தவணையில்" என்று எழுதிக்கொண்டு வெளியேறினேன்.

நாற்பத்தொரு சட்டியோடு வீரனாக வீடு வந்தேன். எந்தச் சாமான் எந்த வீட்டுடையது என்று மட்டும் மனைவி கேட்டாள். பெருமையாக ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.

மறுநாள் காலை பார்த்தால், அந்தச் சட்டிகளில் உறைந்த தயிர் முழுவதும் அந்தந்த வீடுகளுக்கு வண்டிலேறிக்கொண்டிருந்தது. இனாமாக!

"குடுத்தத வாங்கிக்கொண்டு வந்திரிக்கீங்க. பதிலுக்கு ஒண்டும் அனுப்பாம இரிக்கேலுமா?"

இரண்டு நாள் யோசித்தேன். குற்றம் அவளிலா, ஊரிலா, என்னிலா என்று பிடிபடவில்லை. கடைசியில் பேரேட்டில் சட்டிக்கென்று ஒரு பக்கம் திறந்தேன். தயிர்க் காசோடு சட்டிக்கும் பிணையாக ஐந்து சதக் காசு வாங்குவது. சட்டி வந்தால் சதமும் திரும்பும். மனைவி முணுமுணுத்துச் சம்மதித்தாள்.

சட்டிகள் மறுநாளே வரத் தொடங்கின. குயவர் கடன் தீர்ந்தது. வியாபாரம் பிழைத்துக்கொண்டது.

வருவதெல்லாம் வெறுஞ்சட்டி. மரக்கறியை இப்போது சந்தையில் காசுக்கு வாங்குகிறோம்; அதையும் பேரேட்டில் எழுதுகிறேன்.