பாஸ்வேர்டு பதிவேடு

கீழ்ப்படிதலுக்கு உலகில் எங்காவது கோயில் கட்டுவதென்றால், பெரம்பலூரை அடுத்த எங்கள் பொறியியல் கல்லூரிக்குள்தான் கட்ட வேண்டும். கணினித் துறைத் தலைவன் என்ற முறையில், மூலவர் சிலைக்கு மாதிரியாக நிற்க நான் தயார்.

2006ஆம் ஆண்டு. ‘பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு’ என்று எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் வந்தது. மாணவர்களின் மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மூன்று நாளில் அனுப்பாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதாம். வேறு கல்லூரியாக இருந்தால் பிள்ளைகள் தனித்தனியாக, தாறுமாறாக ஏமாந்திருப்பார்கள். நாங்கள் அப்படியா? நோட்டு வாங்கி, கோடு போட்டு, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எழுத வைத்தோம். பக்கத்துக்குப் பக்கம் சீல் வைத்துக் கையெழுத்திட்டது நான்.

லப்பைக்குடிகாட்டு அஃப்ரின் மட்டும் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

“சார், பாஸ்வேர்டை யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே நடத்துனீங்க?”

“அது பரீட்சைக்கும்மா. இது ஆபீஸ் வேலை.”

“மெயில் நெஜமாவே அங்கேருந்துதான் வந்துச்சான்னு போன் போட்டுக் கேக்கலாமே சார்?”

“பல்கலைக்கழகத்தையே சந்தேகப்படுறியா? ஒனக்கு ஹால் டிக்கெட் வேணாமா?”

இரண்டு பீரியடு வெளியே நிறுத்தினோம். மூன்றாவது பீரியடில் ஒழுக்கம் பிறந்தது, எழுதிக் கொடுத்தாள். நோட்டிலிருந்த அத்தனையையும் அன்றே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் அவளுடைய அத்தா அப்துல் சலாம், துபாயிலிருந்து பெட்டியும் கையுமாக நேரே என் அறைக்கு வந்துவிட்டார்.

“எம்பொண்ணு எங்க சார்? ‘எனக்கு ஆபரேசன், ஒடனே பணம் அனுப்புங்க அத்தா’ன்னு அவ மெயில்லேருந்து வந்துச்சு. இருந்ததை அனுப்பிட்டேன். வூட்டு போன் வேலை செய்யல. ஹாஸ்டலுக்குப் போட்டா, பொண்ணுங்களுக்கு போன் குடுக்கறதில்லன்னு வச்சிட்டாங்க. மொதலாளி லீவு தரல. வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

அஃப்ரினை வகுப்பிலிருந்து வரவழைத்தோம். முழு உடல்நலத்துடன் இருந்தாள். மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ‘பெற்றோர் திருப்தி’ என்று குறித்துக்கொண்டேன்.

உடனே விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் நானே. இருநூற்றுப் பதினோரு பேர் ஒன்றும் அறியாமல் கொடுத்தவர்கள், ஆகவே நிரபராதிகள். கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே கொடுத்தவள் அஃப்ரின் ஒருத்திதான்; ஆகவே ஒரு செமஸ்டர் நீக்கம்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்கிறதுக்கு ஆதாரம் வேணுமே,” என்றார் முதல்வர்.

அவளுடைய விடைத்தாளை இணைத்தோம். ‘கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் எவரிடமும் கொடுக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தாள். அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தது நான்.

அப்படியானால் பாடம் நடத்தியவருக்கும் அது தெரிந்திருக்குமே என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளைத்தான் நீக்கிவிட்டோமே.