ரத்தம் எடுத்த உண்ணி

ஒரு காட்டில் செவலை என்ற செந்நாய்க்கு முட்டி வீங்கிப்போனது. முட்டிவலிக்கெல்லாம் ஒரு கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஓட முடியாத செந்நாய்க்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. "மழை விழுந்ததும் ஆத்தைத் தாண்டி மேற்கே போறோம். அதுக்குள்ள கால் சரியானா வா, இல்லேன்னா இங்கேயே இரு" என்று கூட்டத்தலைவி சொல்லிவிட்டாள். கூட்டத்தை விட்டால் செவலைக்கு நாதியில்லை.

வயிற்றில் வேறு வட்டமாக ஒரு சிவப்புத் தடிப்பு. அதே தடிப்பும் நொண்டலும் காட்டில் பல பேருக்கு இருந்தன. அதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் ஆலமரத்தடியில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தார்கள். டைரக்டர் கூகை. பகலில் கண் தெரியாது, ஆனால் பெரிய படிப்பு. கம்பவுண்டர் கரடி.

"மருந்து இருக்கும்மா, காளான் கசாயம். நல்லாவே கேக்கும்" என்றது கரடி. "ஆனா காரணம் தெரியாம குடுத்தா டைரக்டர் கோச்சுக்குவார்."

செவலை கூகையிடம் போனாள். "காரணம் என்னங்க சார்?"

"பனின்னு நினைச்சோம், இல்லை. கண்ணேறுன்னு மானெல்லாம் சொல்லிச்சு. சுத்திப் போட்டுப் பார்த்ததில் பூசணிக்காய்தான் வீண். விஷயம் ரத்தத்தில் இருக்கு. முதல்ல ரத்தம் குடு."

ரத்தம் எடுக்க அங்கே யாரை வேலைக்கு வைத்திருந்தார்கள் தெரியுமா? உண்ணியை. என்னை முறைக்காதீர்கள், ஆள் எடுத்தது நானில்லை. முன் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று அறிவித்தார்கள். கொசு வந்தது, அவசரக்குடுக்கை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்ணி நிதானம். கடித்ததே தெரியாது. உட்கார்ந்தால் இரண்டு மூன்று நாள் எழுந்திருக்காது. அப்படி ஒரு தொழில்பக்தியைக் கூகை பார்த்ததே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டுமே என்று, சும்மா துள்ளிக்கொண்டிருந்த முயல்களைக் கூட்டிவந்து அவற்றிடமும் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் முயல்களும் நொண்டின.

கூகை தலையில் இறக்கையை வைத்துக்கொண்டது. "நல்லா இருக்கிற ஆளே இந்தக் காட்டில் கிடையாது போலிருக்கே."

செவலை வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்துவிட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க. முயலுக்கெல்லாம் உண்ணி ஐயா உட்கார்ந்த இடத்திலதானே தடிப்பு வந்திருக்கு?"

எல்லாரும் உண்ணியைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றது உண்ணி. "என் வயித்தில ஒரு கிருமி இருக்கு. எலிகிட்ட ரத்தம் குடிச்சப்ப ஒட்டிக்கிட்டது. நான் சுமக்கிறவன்தான். என்னை யாரும் கேக்கலையே."

கூகைக்கு ஆனந்தக் கண்ணீர். காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் கிருமியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் வேறு யார் என்று உண்ணியைத் துணை டைரக்டர் ஆக்கிவிட்டது. பதவி வந்தாலும் உண்ணி பழைய வேலையை விடவில்லை.

கரடி அன்றே கசாயத்தை ஊற்றியது. நாளாக நாளாகச் செவலைக்கு வீக்கம் வடிந்தது. காலை ஊன்றி நின்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரு" என்றது கூகை. "ரத்தம் பார்க்காம குணமாயிடுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"ஒரே ஒரு தடவைதாம்மா, வலிக்காது" என்று துணை டைரக்டர் கிட்டே வந்தார்.

மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது. செவலை பிடித்தாள் ஓட்டம். கூட்டம் ஆற்றில் இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். முயல்கள் சொன்ன பேச்சு கேட்கிறவை. கசாயம் குடித்து, குணமாகி, மறுபடியும் வந்து ரத்தம் கொடுத்தன. மறுபடியும் நொண்டின.

கடைசியில் கூகை முடிவை அறிவித்தது: "மருந்தால் பயனில்லை. சோதனைக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் நோய் தீரவில்லை. வராத செந்நாயின் நிலை கவலைக்கிடம்."

நீதி: குணமானவர் திரும்பி வரமாட்டார், திரும்பி வருகிறவர் குணமாகமாட்டார். ஆகவே ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு குறையும் வராது.