அலைச்சித்தரின் தகடு

திருவான்மியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் அன்று தேரோட்டக் கூட்டம். தேர்தான் இல்லை. நாற்காலியில், பூசணிக்காய் அளவு முண்டாசோடு, அலைச்சித்தர் மதிவாணன் வீற்றிருந்தார். புது அடுக்குமாடி எழுந்ததிலிருந்து அந்தச் சந்தில் செல்போன்கள் செத்துக் கிடந்தன. எல்லாரிடமும் ஒரே கம்பெனி சிம். செத்ததை எழுப்பத்தான் இந்த அவதாரம்!

"டவர் அலை அந்தக் கட்டடத்துல முட்டிக்கினு நிக்கிது. இந்தத் தகடு அதை உங்க வூட்டுக்குத் திருப்பி வுடும். பக்கத்து கம்பெனி அலை சும்மா கிடந்தா, அதுலயும் பங்கு வாங்கித் தரும்!"

பார்வைக்கு அது இட்லிப்பானை மூடி.

சித்தர் ஒவ்வொரு போனையும் வாங்கி, முணுமுணுத்து, கட்டைவிரலால் தடவித் 'தீட்சை' கொடுத்தார். உடனே படம் ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மீன் விற்கும் பாஞ்சாலி தகட்டுக்கு விலையாகக் கொடுக்கக் கம்மலைக் கழற்றினாள். ஆர்டர் சொல்ல யார் கூப்பிட்டாலும் லைன் கிடைப்பதில்லை. மூன்று வாரமாகக் கூடையிலேயே மீன் நாறியது. தகடு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

"இருங்கக்கா," என்று தடுத்தாள் மாடிவீட்டு ஜுவேரியா. அடையாறில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். "அலையைத் திருப்புற தகட்டை நாங்களே செஞ்சு பாக்குறோம். அதுல நூத்துக்கணக்குல குட்டித் துண்டு இருக்கும், ஒவ்வொண்ணையும் கரண்ட் வச்சு மாத்தணும். அடுத்தவங்க அலைவரிசை காலியான்னு பாத்துட்டுத்தான் தொடணும். முணுமுணுத்தா நடக்காது."

"நம்பாதவ பேசுனா அலை கோச்சுக்கும்!" என்றார் சித்தர்.

"கோச்சுக்கட்டும். அக்கா, தகட்டைச் சந்துமுனையில வச்சுட்டு வாங்க."

பாஞ்சாலி வைத்துவிட்டு வந்தாள். படம் நிற்காமல் ஓடியது.

"சரி, இப்போ தகட்டை இங்க வைங்க. சாமி சந்துமுனைக்குப் போவட்டும்."

சித்தர் மறுத்தார். கூட்டம் விடவில்லை. அவர் பத்தடி வைத்தார், படம் திக்கியது. இருபதடி, நின்றேவிட்டது. சீரியலில் மாமியார் வாயைத் திறந்த நேரம் அது. "சாமீ!" என்று அலறிக்கொண்டு பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். சாமி அவர்களைவிட வேகமாக ஓடினார். துணிக்கொடியில் முண்டாசு மாட்டி அவிழ்ந்தது. மினுக் மினுக்கென்று ஒரு வைஃபை பெட்டி கீழே விழுந்தது.

ஜுவேரியா அதைப் பிரித்தாள். "வேற கம்பெனி சிம். அவங்க டவர் கடற்கரைப் பக்கம், கட்டடம் மறைக்கல. தீட்சைன்னு போட்டது பாஸ்வேர்டு."

"அப்போ சிம்மை மாத்தினாலே போதுமா?" பாஞ்சாலிக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. கம்மலை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கூட்டத்திலிருந்து டில்லிபாபு மெதுவாகக் கேட்டார்: "எதுக்கும் அந்தத் தகட்டை நான் எடுத்துக்கினு போவட்டா? சாமி கை பட்டது..."

"எடுத்துக்கோ நைனா," என்றாள் பாஞ்சாலி. "ஆனா அடுத்த சாமி வந்தா, கும்புடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளு. அதுக்கு டவர் வாணாம், மூளை போதும்."