பெம்புரோக்சயர் கரையோரம்: மாதிரி வினாவிடை

ஜேர்மனியில ஹம் எண்ட நகரத்தில இருக்கிற எங்கட பேரவையின்ர முழுப் பேர் 'ஹம் தெற்குத் தமிழர் பண்பாட்டுப் பேரவை, பதிவு செய்யப்பட்டது'. அங்கத்தவர் முப்பத்தேழு பேர். அதில முப்பத்தொரு பேருக்குப் பதவி இருக்கு. மிச்சம் ஆறு பேரும் பொதுமக்கள். நான் உபசெயலாளர். செயலாளருக்குத் தொண்டை கட்டினால் நன்றியுரை சொல்லுறது என்ர பொறுப்பு. ஆண்டவன் புண்ணியத்தில மனுசனுக்கு விழா எண்டாலே தொண்டை கட்டிப்போடும்.

2006ஆம் ஆண்டு சங்கங்களுக்குச் சுற்றுலா வியாதி பிடிச்சுது. பக்கத்து நகரமான கொலோனில உள்ள சங்கக்காரர் சுவிசுக்குப் பஸ் பிடிச்சுப் போய், மாட்டுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்துக்கொண்டு வந்திச்சினம். அதைப் பாத்த நாளில இருந்து எங்கட தலைவர் கணேசலிங்கம் அண்ணைக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

இந்த நேரத்திலதான் கமலநாயகி அக்கா வந்தா. அவா பொதுமக்களில ஒராள். முதியோர் இல்லமொண்டில குசினி வேலை. அவாவின்ர ஒரே தங்கச்சி செல்லம், பிரித்தானியாவில வேல்ஸ் பக்கம், பெம்புரோக்சயர் எண்ட பழைய கோட்டத்தில, டென்பி எண்ட கடற்கரைப் பட்டினத்தில கடை நடத்துறா. எண்பத்தொன்பதில கொழும்பில ஆளுக்கொரு விமானம் ஏறினது. பதினேழு வருஷம், டெலிபோன்தான். அக்கா ஒருக்கா விசாவுக்குப் போய், "தங்கச்சியைப் பாக்கப் போறன்" எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டா. 'உறவினர் உள்ளபடியால் திரும்பி வருவீர் என்பதற்கு உத்தரவாதமில்லை' எண்டு கடிதம் வந்துது.

"அண்ணை, சொந்தக்காரரை விடமாட்டினமாம். ஊர் பாக்கிற ஆக்களை விடுவினமாம். எங்கட சுற்றுலாவை அங்க வையுங்கோவன்," எண்டு கேட்டா.

"அங்க என்ன பாக்கக் கிடக்கு?"

"கடல், அண்ணை."

"கடல் நாங்கள் காணாததோ?" கொஞ்சம் யோசிச்சார். "கொலோன்காரர் அங்க போனவையோ?"

"இல்லை."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிச்சுது.

சுற்றுலா எண்டால் முதல் வேலை என்ன? பஸ் பிடிக்கிறது எண்டு நீங்கள் நினைச்சால் உங்களுக்குப் பொதுவாழ்க்கை தெரியாது. முதல் வேலை மலர் போடுறது. 'கரையோர மலர்', தொண்ணூற்றாறு பக்கம். அதில ஐம்பத்தெட்டுப் பக்கம் ஆசிச்செய்தியும் வாழ்த்துச்செய்தியும். கோயில் ஐயர் பெம்புரோக்சயர் நீடூழி வாழ்க எண்டு வாழ்த்தியிருந்தார். மிச்சப் பக்கங்களில, நூல்நிலையத்தில எடுத்த, இந்த நாட்டு டொச் பாஷையில உள்ள வழிகாட்டிப் புத்தகம் ஒண்டைப் பாத்து, பட்டினங்களையும் கடற்கரைகளையும் பற்றி நான் எழுதினன். எனக்கும் டென்பிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

மலருக்குப் பிறகு விசா. முன்னோட்டமாக அக்காவை மட்டும் அனுப்பிப் பாக்கிறதெண்டு முடிவாச்சுது. கணேசலிங்கம் அண்ணை யாழ்ப்பாணத்தில டியூட்டரி வைச்சுப் பிள்ளையளைச் சோதனைக்குத் தயார்படுத்தின மனுசன். "விசா எண்டால் என்ன? சோதனை. சோதனை எண்டால் என்ன? பாடமாக்கிறது," எண்டு சொல்லி, நூற்றியிருபது கேள்வியோட டொச்சில ஒரு மாதிரி வினாத்தாள் தயாரிச்சார். அக்கா ரெண்டு மாதம் உருளைக்கிழங்கு தோலுரிச்சபடி பாடமாக்கினா. முதியோர் இல்லத்துக் கிழவிமாருக்கே பாதி மனப்பாடம்.

விசாக் கந்தோருக்கு அக்காவோட நானும் போனன். கந்தோரில இருந்தவர் இளம் பொடியன், டொச் நல்லாக் கதைச்சான். மரியாதையாத்தான் கேட்டான்.

"பெம்புரோக்சயரில என்ன பாக்கப் போறீங்கள், அம்மா?"

அக்கா எழும்பி நிண்டு கையைக் கட்டினா.

"பெம்புரோக்சயர் கரையோர நடைபாதை நூற்றெண்பத்தாறு மைல் நீளமுடையது. டென்பி மதில் சூழ்ந்த பட்டினம். அதன் வீடுகள் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களையுடையன. சென்ட் டேவிட்ஸ் நாட்டிலேயே ஆகச் சிறிய நகரம். ஸ்கோமர் தீவிலே பஃபின் எனும் பறவைகள்..."

"நல்லது, போதும்."

"இன்னும் இருக்கு, ஐயா. ஃபிஷ்கார்ட். 1797இல் பிரெஞ்சுப் படை இறங்கியபோது ஒரு பெண் வைக்கோல் வாரும் முள்ளோடு போய்ப் பன்னிரண்டு சிப்பாய்களைப் பிடித்தாள் என்பது செவிவழிக் கதை."

அவன் பேனையை வைச்சான். "நீங்கள் முந்தி அங்க இருந்தனீங்களோ?"

"இல்லை, ஐயா."

"வேலை ஏதும் ஒழுங்கு செய்திருக்கோ?"

"இல்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு எண்டதும் தெரியும், ஐயா."

"அம்மா, நான் வேல்சில பிறந்தவன். எனக்கே இவ்வளவு தெரியாது."

பத்தாம் நாள் கடிதம் வந்துது. 'விண்ணப்பதாரி மேற்படி கோட்டத்தின் பட்டினங்கள், கரையோரம் என்பன பற்றி உல்லாசப் பயணி ஒருவருக்குத் தேவையானதிலும் பார்க்கக் கூடுதலாக அறிந்திருப்பதால், நிரந்தரமாகத் தங்கும் நோக்கமுடையவர் என நியாயமாக ஐயுற வேண்டியுள்ளது.'

அக்கா கடிதத்தை மடிச்சு மடிச்சு, தீப்பெட்டி அளவாக்கிப்போட்டு அழுதா. கணேசலிங்கம் அண்ணை அதை விரிச்சு வாசிச்சு, "பாத்தியளே! நூற்றுக்கு நூறு!" எண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்னவோ செய்திருப்பன். ஆனால் தலைவர்.

சுற்றுலா அதோட நிண்டுபோக, கடைசியில செல்லமே இங்க வாறதெண்டு முடிவெடுத்தா. அவாவுக்கும் எங்கட பக்கத்து விசா வேணும். ஹம்மில என்ன பாக்கப் போறாய் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது எண்டு டெலிபோனில கேட்டா. அக்கா பேரவைக் கூட்டத்தில வந்து எங்களைக் கேட்டா.

நாங்கள் எல்லாரும் ஹம்முக்கு வந்து பதினைஞ்சு, இருபது வருஷம்.

"கோயில்," எண்டார் ஒருத்தர்.

"பிறகு?"

"ரயில் ஸ்டேசன்," எண்டன் நான்.

"இதுக்கு ஒரு உபகுழு போட்டு, மாதிரி வினாத்தாள்..." எண்டு அண்ணை தொடங்க, அக்கா கையெடுத்துக் கும்பிட்டா.

"அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும். வாயைத் திறக்காதேங்கோ."

செல்லம் அங்க உள்ள ஜேர்மன் விசாக் கந்தோருக்குப் போய், "ஹம்மைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது," எண்டு சொன்னாவாம். அங்க இருந்த மனுசி சிரிச்சுப்போட்டு, இதுதான் உண்மையான உல்லாசப் பயணி எண்டு ஐஞ்சு நாள் விசா குத்திக் குடுத்தாவாம்.

ஸ்டேசனில ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு நிண்ட நிலையைச் சொல்ல எனக்கு ஏலாது. நானும் அழுதன், மறைப்பானேன். காரில வரேக்க கேட்டன், "தங்கச்சி, டென்பிக் கடற்கரை அவ்வளவு வடிவோ?"

"ஆர் கண்டது, அண்ணை? காலமை ஆறு தொடக்கம் இரவு பத்து வரை கடை. கடல் பத்து நிமிஷ நடை எண்டு வாறவை சொல்லுவினம்."

இதை நான் பேரவையில சொல்லியிருக்கக்கூடாது. சொன்னன். ஆனால் அண்ணையின்ர காதில விழுந்தது 'டென்பி' எண்ட ஒரு சொல்லுத்தான். மூண்டாம் நாளே மண்டபம் எடுத்து மலர் வெளியீட்டு விழா. பிரதம விருந்தினர், 'பெம்புரோக்சயர் கரையோர ஆய்வாளர் திருமதி செல்லம் அவர்கள்'. அவாவை மேடையில நடுக் கதிரையில இருத்தி, பொன்னாடை போத்தி, பதினாலு பேர் பேசிச்சினம். அக்கா எங்க? பொதுமக்கள்தானே, குசினியில வடை சுட விட்டாச்சு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான் எண்டுறது சும்மாவோ.

செயலாளருக்குத் தொண்டை கட்டினபடியால் நன்றியுரை நான். நாப்பது நிமிஷம். ஆசிச்செய்தி தந்த எல்லாருக்கும் பேர் பேரா நன்றி சொல்லி நிமிர்ந்தால், நடுக் கதிரையில பொன்னாடை மட்டும் கிடக்குது. குசினிக்கு ஓடினன். அடுப்பு நூர்த்து ஆறிக் கிடக்கு. ஒரு தட்டு வடையும் இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால கால்வாய். கரையில ரெண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு இருந்து வடை தின்னுகினம்.

"கடையை விட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பு," எண்டு அக்கா சொல்லிக்கொண்டிருந்தா. "மதில் வாசல் ஒண்டு வரும். அதால போனால் மஞ்சள் வீடு, நீல வீடு. பிறகு படி. படியால இறங்கினால் கடல்."

"எத்தினை படி, அக்கா?"

"அது மலரில இல்லை. போய் எண்ணிப்போட்டு டெலிபோன் எடு."

"தங்கச்சி, தலைவர் தேடுறார். குழுப்படம் எடுக்க வேணும்," எண்டன் நான்.

கமலநாயகி அக்கா திரும்பிப் பாத்தா. "நீங்கள் பேசி முடிக்கேக்க மண்டபத்தில ஆரும் இருந்தவையோ?"

அதை நான் பாக்கேல்லை. உண்மையிலேயே பாக்கேல்லை.

ஆண்டறிக்கையில இப்பிடி எழுதினன். 'பிரதம விருந்தினர் இறுதிவரை மேடையில் வீற்றிருந்து விழாவைச் சிறப்பித்தார்.' ஒரு திருத்தமும் இல்லாமல் ஏகமனதாக நிறைவேறிச்சுது. வழிமொழிஞ்சதும் நான்தான்.