மாப்பிள்ளைக் காருக்குத் தகரக் கூரை

மூன்றாவது ஆளும் காரை மறித்து வாழ்த்துச் சொன்னபோதுதான் மருதப்பனுக்கு விஷயம் விபரீதமாகப் பட்டது.

"ரொம்ப சந்தோசம் கிராணி," என்றார் மலாக்காவில் தெங்கேராப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த கருணாகரன், கார்க் கதவின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு. "பொண்ணு எந்த ஊரு?"

"எந்தப் பொண்ணு?"

"சரி சரி, சொல்ல வேணாம். சாமான் மட்டும் நம்ம கடையில எடுங்க, போதும்."

கிராணி, அதாவது கம்பெனிக் குமாஸ்தா, மருதப்பன் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்து சீட்டில் டிபன் கேரியர், அதற்குள் தயிர்சாதமும் கருவாடும். வீட்டில் நாகம்மை என்று ஒரு மனைவி, உயிரோடும் ஆரோக்கியமாகவும் இருந்தாள். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து யாருக்கும் கல்யாண ஞாபகம் வரக் கூடாது.

குற்றம் அவருடையது அல்ல, காருடையது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வருகிறது என்றதும் ரப்பர் கம்பெனித் துரை மூட்டை கட்டினார். நாயை டாக்டருக்குக் கொடுத்தார். பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். காரை, இத்தனை வருஷம் கணக்கு எழுதிய தலைமைக் கிராணி மருதப்பனுக்குக் கொடுத்தார். நாயே கிடைத்திருக்கலாம் என்று மருதப்பன் பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு.

கார் ரத்தச் சிவப்பு. இரண்டே சீட்டு. கூரை என்ற பேச்சே கிடையாது. துரை அதைப் பந்தயத்துக்கென்றே வரவழைத்தவர், கூரை கனம் என்று பிய்த்துக் கடாசிவிட்டார். மருதப்பன் வீடு இருந்த காஜா பேராங்கில் கிளம்பினால் கிளேபாங் கடற்கரையில் போய்த்தான் அது மூச்சு விடும். ஹாரன் அடித்தால் சத்தம் பின்னால் தனியாக வந்து சேரும். அது போகிற வேகத்தில் ரோட்டோரத்துக் கோழிகள் இறகு இல்லாமலும், மாமரங்கள் காய் இல்லாமலும் நின்றன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பவே வேண்டாம். கோழிகளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மலாக்காத் தமிழர்கள் கூரையில்லாத காரை அதுவரை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கண்டிருந்தார்கள்: மாப்பிள்ளை ஊர்வலம். வசதியுள்ளவர்கள் சிரம்பானிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவார்கள், பூவைச் சுற்றுவார்கள், மாப்பிள்ளையை ஏற்றுவார்கள். ஆகவே திறந்த காரில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை. இதில் வாதத்துக்கே இடமில்லை. மருதப்பன் வீட்டில் பிள்ளை இல்லை என்பதால் ஊருக்கு மிச்சக் கணக்கும் சுலபமாகவே வந்தது. கிராணி இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் நேராகவே பேசிவிட்டார்.

"நாகம்மை, ஊர்ல என்னமோ பேசுறாங்க. காதுல போட்டுக்காத."

"என்ன பேசுறாங்க?"

"எனக்குக் கல்யாணமாம்! முதல் கல்யாணமே நமக்கு எப்படி நடந்தது? ஜப்பான்காரன் காலம். மேளக்காரரை சயாமுக்கு ரயில் போடப் பிடிச்சிட்டுப் போயிட்டான். மாலை இல்ல, ஊர்வலம் இல்ல. கோயில்ல தாலியக் கட்டிட்டு சந்து சந்தா நடந்து வந்து மரவள்ளிக்கிழங்கு தின்னோம். இதுல ரெண்டாவது ஒண்ணு கேக்குதா எனக்கு?"

நாகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அழுகிறாள் என்று மருதப்பன் முடிவு செய்தார்.

மறுநாள் மூவார் பஸ் டிரைவர் மூலம் இன்னொரு குண்டு வந்தது. மூவாரில் லாரி ஓட்டும் மச்சான் சொக்கப்பன், நாகம்மையின் அண்ணன், சேதி அனுப்பியிருந்தார்: மெர்டேக்கா அன்று லீவு, நேரில் வருகிறேன், பேச்சு உண்மையானால் தங்கையை அழைத்துக்கொண்டு போகிறேன்.

"உங்கண்ணன் வர்றாராம்," என்றார் மருதப்பன்.

"வரட்டுமே. அவரும் இருந்தா நல்லதுதான்," என்றாள் நாகம்மை.

மருதப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வழி ஒன்றுதான் தெரிந்தது. அந்தக் காரை ஆபீசுக்கும் பசாருக்கும் போய்வருகிற சாதாரண தினசரி வண்டியாக மாற்ற வேண்டும். அதில் நாகம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்ற வேண்டும். மச்சான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"பசார் வரைக்கும் வர்றியா? இறக்கி விடுறேன்," என்று கேட்டுப் பார்த்தார்.

"சும்மா அப்படியா ஏறுறது? நல்ல நாள் பாக்க வேணாமா?" என்றாள் அவள்.

திறந்த காருக்குப் பயப்படுகிறாள் என்று மருதப்பன் புரிந்துகொண்டார்.

முதல் யோசனை ஆபீஸ் நண்பர் தியாகுவுடையது. "குடை ஒண்ணு மாட்டுங்கண்ணே. வெயிலுக்குப் பயந்த ஆளுன்னா யாரும் மாப்பிள்ளைன்னு சொல்ல மாட்டாங்க."

பெரிய கறுப்புக் குடையை சீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் சந்திலேயே ஒரு பாட்டையா கையைத் தட்டினார். "மாப்பிள்ளைக்குக் குடை பிடிச்சாச்சு! காசி யாத்திரை கிளம்பிட்டாரு! யாராவது போய்த் தடுங்கய்யா!" நான்கு பேர் நிஜமாகவே ஓடிவந்து தடுத்தார்கள். ஒருவர் காலைக் கழுவச் செம்பில் தண்ணீர் வேறு கொண்டுவந்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. குடை காற்றில் பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. சுமத்ரா கரையில் யாரோ எடுத்ததாகக் கேள்வி.

அப்புறம்தான் எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் சீனப் பட்டறைக்கார ஆ லெக்கிடம் போனார்.

"தவுக்கே, இதுக்கு மேல மறைக்கிற மாதிரி ஒண்ணு போடணும். முடியுமா?"

"போலே லா," என்றார் ஆ லெக். மலாயில் 'முடியும்' என்று அர்த்தம். அவர் அகராதியில் 'முடியாது' என்ற சொல்லே இல்லை. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

காரின் நான்கு மூலையிலும் நான்கு கம்பு நட்டு, மேலே துணி கட்டிக் கொடுத்தார். கையிருப்பில் இருந்த துணி ஏதோ சீனக் கல்யாணத்துக்குக் கட்டி மிஞ்சியது. நல்ல சிவப்பு. ஓரம் முழுக்கத் தங்கக் குஞ்சம்.

மருதப்பன் அதை ஓட்டிக்கொண்டு கோயில் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் போனார். நாலு கால், சிவப்பு விதானம், நடுவில் ஓர் ஆண்பிள்ளை. ஊருக்கு அது நடமாடும் கல்யாணப் பந்தல். கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் நான்கு கம்பிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முகப்பில் மாவிலைத் தோரணம் வேறு. யார் கட்டியது என்று கேட்டால் தெருவே நல்ல காரியம் செய்த முகத்தோடு சிரித்தது.

வீட்டுக்கு வந்தால் கொடியில் நாகம்மையின் பட்டுச்சேலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து துணிமணிகளை எடுக்கத் தொடங்கிவிட்டாள், மூவாருக்குக் கிளம்பத்தான் என்று மருதப்பன் நினைத்தார்.

நாகம்மை வாழைக்கன்றைப் பார்த்தாள், விதானத்தைப் பார்த்தாள்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. இப்படியே விட்டா என்னவாம்?"

குத்திக் காட்டுகிறாள் என்று அவருக்குப் பட்டது. உடனே விதானத்தைப் பிடுங்கிப் போட்டார்.

"வேகம்தான் காரணம்ணே," என்றார் தியாகு. யோசனைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. "பறக்குறதுனாலதான் இளவட்ட மாப்பிள்ளையாட்டம் தெரியுது. குடும்பஸ்தன் மெதுவாப் போகணும்."

ஆ லெக் ஆக்சிலரேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார். அதன்பிறகு கார் நடக்கத் தொடங்கியது. நத்தைகள் அதை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தன. மாப்பிள்ளை ஊர்வலத்தின் வேகமும் அதுதான் என்பது இருவருக்கும் தோன்றாமல் போனது.

ஆனால் கோயில் மேளக்காரர்களுக்குத் தோன்றியது. பூசை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், பின்னால் திறந்த கார் ஒன்று ஊர்ந்து வருவதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வாத்தியத்தை உறையிலிருந்து உருவிவிட்டார்கள். நாகஸ்வரம் முன்னால், தவில் பக்கத்தில், கார் பின்னால். கட்டை இருப்பதால் முந்தவும் வழியில்லை. மசூதியைத் தாண்டும்போது மட்டும் மரியாதையாக வாசிப்பை நிறுத்தினார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். காஜா பேராங் வரைக்கும் வாசித்தே கொண்டுவந்து விட்டார்கள். ஒரே தாவலில் வந்துவிடுகிற தூரத்துக்கு மத்தியானச் சாப்பாடே தவறிப்போனது. வழியெல்லாம் ஆரத்தி.

நாகம்மை மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கார் நிற்பதைப் பார்த்தாள். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

"நீங்க மட்டும் தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பின்ன? கூட யாரைக் கூட்டிட்டு வருவேன்? என்னை நம்பு நாகம்மை!"

அவள் உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை.

மருதப்பன் நேரே பட்டறைக்குப் போனார். மெர்டேக்காவுக்கு முந்தின வாரம் அது.

"தவுக்கே, இனிமே விளையாட்டே வேணாம். தகரம் போடு. சுத்தி அடை. எந்தப் பிறவியிலும் திறக்கக் கூடாது."

"போலே லா," என்றார் ஆ லெக்.

மேலே கூரைத் தகரம். இரண்டு பக்கமும் பலகை, அதில் எட்டிப்பார்க்க ஆளுக்கொரு சன்னல். சாமான் வைக்கும் இடத்தை வெட்டி மூன்று பேர் உட்காரப் பெஞ்சு. மேலே காய்கறிக் கூடை கட்ட இரும்புச் சட்டம். சிவப்பு தெரியக் கூடாது என்று மொத்தத்துக்கும் சாம்பல் வண்ணம். மரக்கட்டையை எடுத்துவிட்டாலும் இத்தனை பாரத்துக்கு அந்தப் பந்தய எஞ்சின் ரிக்‌ஷாவோடுதான் போட்டி போட முடிந்தது. துரை பார்த்திருந்தால் கப்பலிலிருந்து குதித்திருப்பார்.

முதல் நாள் ஓட்டிக்கொண்டு போனபோது தெங்கேராவில் ஒரு அம்மாள் கைகாட்டி நிறுத்தினாள்.

"ரெண்டு ரொட்டி குடுப்பா. வெண்ணெய் தடவி."

மருதப்பன் வந்த ஆனந்தத்தில் இறங்கி அந்த அம்மாளின் காலில் விழப் போனார். ரொட்டி வண்டி! பெண் எந்த ஊர் என்று கேட்கவில்லை, ஆரத்தி இல்லை, குடை இல்லை. கருணாகரன் கடை வழியாக இரண்டு தடவை போனார். கருணாகரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தினசரி ஓட்ட இதைவிடத் தோதான வண்டி உலகத்தில் கிடையாது.

வீட்டு வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்து, "நாகம்மை! வந்து பாரு! இனிமே நீ தைரியமா ஏறலாம்!" என்று கூவினார்.

நாகம்மை வந்து பார்த்தாள். தகரத்தை ஒரு விரலால் தட்டினாள். டங்கென்றது.

"இது கழலாதா?"

"யானை இழுத்தாலும் கழலாது!"

அவள் கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் கிடந்த பட்டுச்சேலையை மடித்தாள். பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

போகவில்லை, தங்கிவிட்டாள் என்று மருதப்பனுக்கு மூச்சு வந்தது.

மெர்டேக்கா அன்று காலை காஜா பேராங் முழுக்கக் கொடியும் தென்னங்குருத்தும். அக்கம்பக்கத்து ரேடியோக்கள் ஒன்றாகச் சேர்ந்து தலைநகரத்தின் ஆரவாரத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தன. மருதப்பன் ரொட்டி வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, மச்சானுக்காகக் காத்திருந்தார்.

சொக்கப்பன் வந்தார். லாரி ஓட்டிக் காய்த்த கைகளோடு, கண்கள் சிவக்க. தனியாக வரவில்லை. கோயில் வாசலில் பூ விற்கும் பூங்காவனத்தைக் கூடையும் கையுமாக இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்க மச்சான். முதல்ல வண்டியப் பாருங்க. இது மாப்பிள்ளை போற காரா, நீங்களே சொல்லுங்க!"

"வண்டி கிடக்கட்டும். உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடவே எனக்கு வாய் கூசுது. தேங்கா உடைக்கலாம்னு கோயிலுக்குப் போனா, வாசல்லயே சாயம் வெளுத்துப் போச்சு. சாட்சியோட வந்திருக்கேன். நீ சொல்லும்மா. இந்த வீட்டுலேருந்து கல்யாண மாலைக்குச் சொன்னது உண்டா இல்லியா?"

"உண்டு," என்றாள் பூங்காவனம். "ஜோடி மாலை. சம்பங்கியும் ரோசாவும் வச்சு."

கதவருகில் நாகம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைக்கு வேணும்னு சொன்னது?" என்றார் சொக்கப்பன்.

"இன்னைக்குத்தான். ஆனா தகரம் அடிச்ச மறுநாளே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"பாத்தீங்களா! வண்டிய மூடினா விஷயத்தையும் மூடிடலாம்னு பாத்திருக்காரு!" சொக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்பிள்ளை யாருன்னு சொன்னாங்க?"

"இவருதான்."

"ஐயோ, சாமி சத்தியமா நான் மாலைக்குச் சொல்லவே இல்ல மச்சான்!"

"நீங்க சும்மா இருங்க. பயப்படாமச் சொல்லும்மா. பொண்ணு யாரு?"

பூங்காவனம் கூடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். சொக்கப்பனைப் பார்த்தாள், ரொட்டி வண்டியைப் பார்த்தாள், கடைசியில் நாகம்மையைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கக்கா, இதுக்கு மேல மறைக்க முடியாது. பொண்ணு உங்க தங்கச்சிதாண்ணே! கார் வந்த மறுநாளே ஓடிவந்து, 'கல்யாணத்தன்னைக்குத்தான் சந்து சந்தா நடந்து வந்தோம், மெர்டேக்கா அன்னைக்காவது திறந்த கார்ல மாலையும் கழுத்துமா ஊர்வலம் போகணும், வெக்கமா இருக்கு, பொண்ணு யாருன்னு மட்டும் ஊர்ல சொல்லிடாத பூங்காவனம்'னாங்க. நானும் அதை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஊர்ல சொன்னேன்!"